சந்தேகம் சாரின் சார்ஜ் சீட்டு

எங்கள் மாலைப் பத்திரிகையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. சந்தேகம் சார் என்றால் வாசல் காவலாளியிலிருந்து ஆசிரியர் வரைக்கும் தெரியும். செய்தி நிறுவனங்கள் ஆங்கிலத்தில் அனுப்புவதைத் தமிழாக்குவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே ஜன்னலோரம், அதே குடை. வெயில் காலத்திலும் குடையோடுதான் வருவார். வானிலை அறிக்கையை மொழிபெயர்ப்பவரே அவர்தான். அதனாலேயே அதை நம்புவதில்லை என்பார்.

நான் பிழைதிருத்துபவள். பதினோரு வருஷமாக அவருக்கு எதிர் மேஜை. அவர் எழுதியது பக்கத்தில் ஏறி, நகலாக என்னிடம் வரும். ஒற்று மிகுமா மிகாதா, ரகரமா றகரமா என்று பார்த்து ஓரத்தில் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து விழுந்துவிட்டால் பக்கம் அச்சுக்குப் போய்விடும். பகல் ஒன்றரைக்கு அச்சு, நாலு மணிக்குத் தெருவில் விற்பனை. பொருள் சரியா என்று பார்ப்பது என் வேலை இல்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்பதற்காக. எப்படியும் கேட்கத்தான் போகிறீர்கள்.

அந்த மனிதர் எதையும் ஒரு தடவையில் நம்பி நான் பார்த்ததில்லை. டீக்காரர் "சர்க்கரை போட்டாச்சு சார்" என்றால் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். லிஃப்டில் ஏற்கெனவே ஒளிர்கிற பட்டனை மறுபடி அமுக்குவார். சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம், கைபேசி மூன்றையும் பார்த்துவிட்டு என்னிடம் மணி கேட்பார். போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்; காதோடு காதாகப் பேசுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி. எதற்கெடுத்தாலும் அவர் வாயில் வருவது ஒரே வார்த்தை: "எதுக்கும் பாத்துக்குவோம்."

சும்மா சொல்லக் கூடாது, பத்திரிகைக்கு அந்தக் குணம் சோறு போட்டது. ஆங்கில வார்த்தைகளை அவர் வாசலில் நிற்க வைத்து விசாரிப்பார். நீ யார், எங்கேயிருந்து வருகிறாய், போன தடவை வந்தபோது வேறு சட்டை போட்டிருந்தாயே என்று கேட்காத குறைதான். மேஜைக்கடியில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்று இருக்கும். அதில் வார்த்தைக்கு ஒரு கட்டாகச் சீட்டுகள். எந்தச் செய்தியில் எந்த வார்த்தை எந்தப் பொருளில் வந்தது என்று தேதி போட்டு எழுதி வைத்திருப்பார். அதிலேயே தடித்த கட்டு, இரண்டு ரப்பர் வளையம் போட்டது, சார்ஜ்.

"பெரிய வார்த்தையெல்லாம் பரவாயில்லம்மா, அகராதியைப் பாத்தா அடங்கிடும்," என்பார். "இந்த மாதிரி வீட்டுக்குள்ள புழங்குற வார்த்தைதான் ஆபத்து. தெரிஞ்சது தானேன்னு நாம அசந்துடுவோம்."

நாமும்தான் நாள் முழுக்கச் சொல்கிறோம். போனில் சார்ஜ் இல்லை, பஸ் சார்ஜ் ஏறிவிட்டது, இன்னும் இன்சார்ஜ் வரவில்லை. நாம் சொல்லும்போது அது வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். செய்தியில் ஏறியதும் அதன் குணமே வேறு. ஒரு பெரிய மனிதர் பதவியில் சார்ஜ் எடுப்பார். இரண்டு வருஷம் கழித்து அவர் மேலேயே சார்ஜ் வரும். முதலாவது பொறுப்பு, இரண்டாவது குற்றச்சாட்டு. கூட்டத்தின் மேல் போலீஸ் சார்ஜ் செய்தால் தடியடி, மாடு சார்ஜ் செய்தால் முட்ட வருகிறது. கல்குவாரியில் சார்ஜ் வைத்தால் தள்ளி நிற்க வேண்டும். வாக்குவாதம் முற்றிய ஒரு மண்டபத்தை ஆங்கிலச் செய்தி 'சார்ஜ்டு' என்று எழுதியிருந்தது. சந்தேகம் சார் அன்று பல்வலியில் லீவு. வேறு யாரோ எழுதி, 'மண்டபத்தில் மின்சாரம் பாய்ந்தது' என்று வெளிவந்து, மின்வாரியத்திலிருந்து போன் வந்தது.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. குழந்தைகள் காப்பகத்து ஆசிரியை ஒருவர், மிருகக்காட்சிசாலையில் தப்பித்த குரங்கிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிய செய்தி. அதுவும் சார் இல்லாத நாள். விளையாட்டுப் பக்கத்துக்காரர் அவருக்குப் பதிலாக எழுதினார்: 'ஆசிரியை தன் பன்னிரண்டு குற்றச்சாட்டுகளுடன் மிருகக்காட்சிசாலைக்குச் சென்றிருந்தார்.' ஒற்றுப்பிழை எதுவும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வாசகர் ஒருவர் போன் செய்து, குற்றச்சாட்டுகளுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டார். சார் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒருத்தர் பொறுப்புல விட்ட குழந்தைங்களும் சார்ஜ்தாம்மா," என்று சொல்லி, ஒரு சீட்டு எடுத்து எழுதிக் கட்டில் சேர்த்தார்.

வார்த்தையோடு நின்றிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் மனைவி இறந்து பதினெட்டு வருஷம். ஒரே மகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு உடம்புக்கு என்னவோ என்று டாக்டரிடம் போக, அம்மாவுக்கு என்ன வியாதி இருந்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அம்மா இறந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழைய கோப்பைக் கேட்டாள். அங்கே பதிவறைப் பொறுப்பாளராக இருந்தவர் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அதில் ஆரம்பித்தது, அடுத்த வருஷம் பதிவுத் திருமணத்தில் முடிந்தது.

அந்தப் பத்து நிமிஷத்தைச் சார் கடைசி வரை விடவில்லை.

"பதிமூணு வருஷத்துப் பழைய ஃபைலு. எந்த ஆஸ்பத்திரியிலம்மா பத்து நிமிஷத்துல கிடைக்கும்? எங்கே எது இருக்குன்னு அவ்வளவு துல்லியமாத் தெரிஞ்சவன், எதை எங்கே ஒளிக்கலாம்னும் தெரிஞ்சவன்தானே?"

"நல்லா வேலை பாக்குறவரா இருக்கலாமே சார்," என்றேன்.

"இருக்கலாம்," என்றார். அவர் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் மகள் வீட்டில் சாப்பாடு. திங்கட்கிழமை காலையில் எனக்கு அறிக்கை வரும். மருமகன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை, 'அந்த ஆள்'தான். அந்த ஆள் சட்டைக் கையில் எப்போதும் தூசி. அந்த ஆள் வீட்டுக்குச் சாவிக்கொத்தை எடுத்து வருகிறான், அத்தனை சாவி எதற்கு? ஆறு மாதமாக அந்த ஆள் தாமதமாக வருகிறான், கேட்டால் ஆபீசில் தகராறு என்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறான். "சாம்பாரில உப்பு இல்லைன்னாலும் சிரிக்கிறான், கரண்டு போனாலும் சிரிக்கிறான். மனசுல ஒண்ணும் இல்லாதவன் இப்படிச் சிரிப்பானா?" என்பார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கச் சுவாரசியமாக இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பழைய கோப்புகள் ஒரு அறை நிறையக் காணாமல் போய், விசாரணைக் குழு வைத்திருந்தார்கள். பத்து நாளாக அது செய்தியில் அடிபட்டுக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு பத்துக்கு ஆங்கிலச் செய்தி வந்தது. சார் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல், "எனக்கு அப்பவே தெரியும்," என்றார்.

பதினோரு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் 'பாத்துக்குவோம்' ஆள். 'தெரியும்' ஆள் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். கணினியில் மடமடவென்று தட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, முடித்துவிட்டார். காலடியில் அட்டைப்பெட்டி மூடி வைத்தது வைத்தபடி இருந்தது.

ஆசிரியருக்கு வாயெல்லாம் பல். முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் மூன்று பத்தி அகலத்துக்கு ஏற்றினார். தலைப்பு: 'கோப்புகளை அழித்ததாக ஆஸ்பத்திரிப் பதிவறைப் பொறுப்பாளர் மீது குற்றச்சாட்டு.' உள்ளே ஆளின் பெயர். பெயர் எனக்குத் தெரியாது, ஆனால் வேலை தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை பதிவறை இருக்கப்போகிறது?

நகல் என் மேஜைக்கு வந்தபோது மணி ஒன்று ஐந்து. தலைப்பில் பிழை இல்லை. முதல் பத்தியில் பிழை இல்லை. இரண்டாவது பத்தியில் என் பேனா நின்றது. 'தனக்குப் பட்டியல் எதுவும் தரப்படவில்லை என்றும், அந்த வேலையைத் தான் இன்னும் தொடங்கவில்லை என்றும் அவர் குழுவிடம் கூறினார்.'

வேலையா? தன் மேல் சுமத்திய குற்றத்தை எவனாவது 'வேலை' என்பானா? 'இன்னும் தொடங்கவில்லை' என்றால், திருடப் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்கிற மாதிரியல்லவா இருக்கிறது?

எழுந்து அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், இது உங்க…"

"செய்திக்குச் சொந்தம் கிடையாது," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதில்லை சார். 'அந்த வேலையைத் தொடங்கலை'ன்னு வருதே. எந்த வேலை? இங்கிலீஷ்ல என்ன இருக்கு?"

"சார்ஜ்டு வித்னு இருக்கு."

"சார்ஜா? பெட்டியைத் திறக்கவே இல்லையே நீங்க?"

அவர் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் பயந்திருக்க மாட்டேன். அந்த முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாள் காத்திருந்த பார்சல் வந்து சேர்ந்த மாதிரி ஒரு நிம்மதி இருந்தது.

"ஒற்றுப்பிழை இருந்தாச் சொல்லுங்கம்மா. இல்லைன்னா கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. மணியாகுது."

ஒற்றுப்பிழை இல்லை. ஒன்று இருபத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

நாலே காலுக்கு அவர் போன் அடித்தது. வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். மகள்.

"அப்பா, இன்னைக்குப் பேப்பர்ல இவரைப் பத்தி வந்திருக்கே, அதை எழுதினது யாரு?"

"அது ஏஜென்சி செய்திம்மா."

"தமிழ்ல எழுதினது யாருன்னு கேக்குறேன்."

"நான்தான்."

அலுவலகமே கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் போனால் வந்த வினை. விளையாட்டுப் பக்கத்துக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இவர் மேல குற்றச்சாட்டே கிடையாதுப்பா. சாட்சி சொல்லத்தான் கூப்பிட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட ஃபைலை எல்லாம் அழிக்கிற பொறுப்பை இவர்கிட்ட ஒப்படைச்சிருந்தாங்க. எது எதுன்னு எழுத்துல லிஸ்ட் குடுக்காம ஒரு தாளைக்கூடத் தொடமாட்டேன்னு ஆறு மாசமா அவங்களோட மல்லுக்கட்டிட்டு இருந்தார். இவர் லீவுல இருந்தப்ப வேற யாரோ லாரியில ஏத்திட்டாங்க. அதைத்தான் விசாரிக்கிறாங்க."

"இங்கிலீஷ்ல சார்ஜ்டு வித்னுதாம்மா…"

"அந்த வார்த்தை உங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஊருக்கெல்லாம் அந்த வார்த்தையைப் பத்தி வகுப்பு எடுப்பீங்களே. தெரியாம எழுதினீங்களா, தெரிஞ்சு எழுதினீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். தெரியாமல் என்று சொன்னால் பொய். தெரிந்து என்றாலும் முழு உண்மை இல்லை. அந்த வார்த்தை அவர் கண்ணில் படவே இல்லை, பெயர்தான் பட்டது. இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது? அவள் வைத்துவிட்டாள்.

அவர் குனிந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். ரப்பர் வளையங்களைக் கழற்றினார். சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி, அவருடைய பொடி எழுத்து. 'சார்ஜ்டு வித்: குற்றம் சாட்டப்பட்ட, பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட. இரண்டும் வரும். பின்னால் வருவது குற்றமா வேலையா என்று அடுத்த வாக்கியத்தைப் பார்க்க. ஆளைப் பார்க்க வேண்டாம்.'

"நீங்க கேட்டீங்க," என்றார்.

கேட்டேன். கேட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டேன். எனக்கு அழுகை வந்தது, கழிவறைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த ஆள் அலுவலகத்துக்கே வந்தார். நான் அவரை முதல்தடவை பார்க்கிறேன். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, சொன்னபடி கையில் தூசி. வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். இந்த நேரத்தில் என்ன சிரிப்பு என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் தட்டியது. கிட்டே வந்ததும்தான் பார்த்தேன். அது சிரிப்பே இல்லை. மேல்வரிசைப் பல் கொஞ்சம் முன்னால் இருந்ததால் உதடு முழுக்க மூடவில்லை. நாலு வருஷமாக நாங்கள் சந்தேகப்பட்டது ஒரு பல்லை.

"உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"மாமா, வெள்ளிக்கிழமை மறுபடி குழு கூடுது. அதுக்குள்ள ஒரு திருத்தம் வந்தா நல்லா இருக்கும். அதைக் கேக்கத்தான் வந்தேன்," என்றார். "என் ரூம் கதவுல அந்தச் செய்தியை வெட்டி ஒட்டியிருக்காங்க. கிழிச்சேன். மறுபடி ஒட்டிட்டாங்க."

"போட்டுடலாம்," என்றார் சார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாளைக்கே போட்டுடலாம்."

"சரி மாமா."

போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டடி எடுத்து வைத்துத் திரும்பினார்.

"என்னை உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். என்னைச் சந்தேகமா பாக்குறதும் தெரியும். அவ வருத்தப்படும்போதெல்லாம், அப்பா யாரையும்தான் நம்ப மாட்டார், கடிகாரத்தைக்கூட நம்ப மாட்டார், அவர் சுபாவம் அதுன்னு நான்தான் சமாதானம் சொல்வேன்." சாவிக்கொத்தைக் கைமாற்றிப் பிடித்தார். "ஆனா இந்தச் செய்தியை ஒரே தடவையில நம்பிட்டீங்களே மாமா."

சார் குடையை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"அத்தையோட ஃபைல் பத்திரமா இருக்கு," என்றார் அவர். "லாரியில போகலை. இப்ப வரும்போது பாத்துட்டுத்தான் வந்தேன்."

படியிறங்குகிற சத்தத்தோடு சாவிக்கொத்துச் சத்தமும் கேட்டது. அதுவரை எழுந்திருக்காத சார் எழுந்து ஆசிரியர் அறைக்குள் போனார். கதவு திறந்தேதான் இருந்தது.

"ரெண்டாம் பக்கத்துல ரெண்டு வரி போட்டுடலாம் சார்," என்றார் ஆசிரியர்.

"முதல் பக்கம். அதே இடம்."

"விளையாடுறீங்களா? திருத்தத்தை முதல் பக்கத்துல போட்டா நாம போடுற மத்த செய்தியையும் சந்தேகப்படுவாங்க."

"படட்டும்," என்றார் சந்தேகம் சார்.

அரைமணி நேரம் இழுபறி. கடைசியில் முதல் பக்கம்தான், ஆனால் ஒற்றைப் பத்தியில் கட்டம் கட்டி என்று முடிந்தது. சார் உட்கார்ந்து எழுதினார். எட்டு வரிக்கு அன்று முழுவதும் எடுத்துக்கொண்டார். அடித்து அடித்து எழுதினார். எங்கள் பத்திரிகையில் மொழிபெயர்ப்பவர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் கோடிக்கணக்கான வார்த்தை எழுதியவர், ஒன்றின் கீழும் அவர் பெயர் இல்லை. இதில் தன் பெயரைப் போட்டார்.

அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். 'செவ்வாயன்று வெளியான செய்தியில், பதிவறைப் பொறுப்பாளர் மீது குற்றச்சாட்டு என்று எழுதியது தவறு. கோப்புகளை அழிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதே சரி. அவர் ஒரு கோப்பையும் அழிக்கவில்லை. விசாரணையில் அவர் சாட்சி மட்டுமே. தமிழாக்கம் செய்தவன் நான். அந்த ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் எனக்குத் தெரியும். அவர் என் மருமகன். அவர் மேல் எனக்கு இருந்த சந்தேகமே தவறுக்குக் காரணம், அந்தச் சொல் அல்ல.' கீழே அவர் பெயர்.

வியாழன் பகல் நகல் வந்தபோது, கடைசி மூன்று வாக்கியம் இல்லை. ஆசிரியர் வெட்டியிருந்தார். 'தமிழாக்கம் செய்தவன் நான்' என்பதோடு நின்றது. குடும்பக் கதையெல்லாம் எதற்கு என்று நினைத்திருப்பார். பத்திரிகைக்கு அதுதான் நல்லது, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சந்தேகம் சார் அதைப் பார்க்கவில்லை. மாடிப்படியில் போய் நின்றுகொண்டிருந்தார்.

மணி ஒன்று பதினேழு. ஒற்றுப்பிழை எதுவும் இல்லை.

அவர் கையால் எழுதிய தாள் என் மேஜையில் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, நகலின் ஓரத்தில் 'விடுபட்டது' என்று எழுதி, மூன்று வாக்கியத்தையும் என் கையெழுத்தில் குண்டு குண்டாக எழுதிச் சேர்த்தேன். பக்கம் கட்டுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "விடுபட்டது," என்றேன். அவர் ஏற்றினார். திருத்திய நகல் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்கு ஆசிரியர் பத்திரிகையை என் மேஜையில் எறிந்தார்.

"பொருள் பாக்குறது உங்க வேலையா?"

"இல்லை சார். விடுபட்டதைச் சேக்குறது என் வேலை."

எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை விசாரணையில் மருமகனுக்குப் பாதகமாக ஒன்றும் ஆகவில்லை என்று எங்கள் நிருபர் வந்து சொன்னார். பதிவறைக் கதவில் இப்போது பழைய செய்திக்கு மேல் எங்கள் கட்டம் ஒட்டியிருக்கிறதாம். யார் ஒட்டினார்கள் என்று தெரியாது. மாமனார் பெயருக்குக் கீழே யாரோ பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறார்களாம். அதை நல்ல அர்த்தத்தில் இழுத்தார்களா கேலிக்கு இழுத்தார்களா என்று நானும் சாரும் யோசித்துப் பார்த்தோம், முடிவுக்கு வர முடியவில்லை.

சனிக்கிழமை அவர் வந்ததும் கைபேசியை எடுத்து மேஜைமேல் திரை தெரியும்படி வைத்தார். குடை, கண்ணாடிக்கூடு, கைபேசி. பதினோரு மணிச் செய்தியை எழுதினார், திரையைப் பார்த்தார். டீ வந்தது, குடித்துப் பார்க்காமலே தலையாட்டினார், திரையைப் பார்த்தார். பக்கம் போய், பத்திரிகை தெருவுக்கும் போய்விட்டது. மற்றவர்கள் கிளம்பினார்கள். அவர் கிளம்பவில்லை.

"நாளைக்கு ஞாயிறு சார்," என்றேன்.

"ஆமா. கூப்பிட்டாப் போகணும். கூப்பிடாமப் போய் நிக்கக் கூடாது."

"போன்ல சார்ஜ் இருக்கான்னு பாருங்க சார்," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. எடுத்துப் பார்த்தார். "நூறு இருக்கு," என்றார்.

வைத்தார். கொஞ்ச நேரம் விரல்களால் மேஜையைத் தட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், "எதுக்கும் பாத்துக்குவோம். உங்க போன்லேர்ந்து ஒரு தடவை அடிங்கம்மா," என்றார்.

அடித்தேன். மேஜை அதிர நன்றாகவே அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. திரையில் வந்த என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது தானாக நிற்கும் வரை நானும் துண்டிக்கவில்லை.